ஆங்கிலவழி என்று பலகை மாட்டினால் போதுமா?

ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் பள்ளி அலுவலகத்தின் முன்னால் தாய்மார்கள் வரிசையில் நிற்கிறார்கள். பெரும்பாலோர் காலனியிலிருந்து வருகிறவர்கள். நூறுநாள் வேலையையோ சித்தாள் வேலையையோ ஒருநாள் விட்டுவிட்டு, அந்தக் கூலியை இழந்துதான் வந்திருப்பார்கள். சேர்க்கைப் படிவத்தை நிரப்பிக்கொண்டே வரும்போது பயிற்றுமொழி என்ற கட்டம் வரும். நான் கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும்: "இங்கிலீஷ் மீடியம்னு போடுங்க சார்."

அப்படியே எழுதுகிறேன். பதினான்கு ஆண்டுகளாக அரசுப் பள்ளியில் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். அந்தத் தாய் கேட்பது நியாயம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாங்கள் கொடுப்பது அவர் கேட்டதுதானா என்பதில்தான் ஐயம்.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு ஆங்கிலவழிப் பிரிவின் அறிவியல் தாளைத் திருத்திக்கொண்டிருந்த சக ஆசிரியர் ஒரு விடைத்தாளை என்னிடம் நீட்டினார். உராய்வைக் குறைக்கும் வழிகள் எவை என்பது கேள்வி. பையன் அரைப்பக்கம் எழுதியிருந்தான். எழுத்துப்பிழைகூட இல்லை. ஆனால் எழுதியிருந்தது உராய்வினால் வரும் நன்மைகளை. 'ஃபிரிக்‌ஷன்' என்ற சொல்லைக் கேள்வியில் கண்டதும், அந்தச் சொல் வருகிற விடைகளில் தனக்கு மனப்பாடமாக இருந்த ஒன்றை அப்படியே இறக்கி வைத்துவிட்டான். ஐந்து மதிப்பெண்ணுக்குச் சுழியம்.

அவனைக் கூப்பிட்டுத் தமிழில் கேட்டேன். "உராய்வக் கொறைக்கணும்னா என்னடா பண்ணுவ?" கொஞ்சமும் தயங்கவில்லை. "சைக்கிள் செயினுக்கு ஆயில் விடுவோம் சார். தாத்தா மாட்டுவண்டி அச்சுக்கு மசகு போடுவாரு. பேரிங் வச்சா இன்னும் லேசா சுத்தும்."

விடை தெரிந்த பையனுக்குச் சுழியம். போதாததற்கு அவன் பெயர் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தச் சுழியம் அவனுக்கு உரியதல்ல, பள்ளிக்கு உரியது. ஆங்கிலவழியில் சேர்த்துக்கொண்ட பள்ளி, அந்த மொழியைக் கைக்கொள்வதற்கான உதவியையும் சேர்த்துத் தரக் கடமைப்பட்டது. அந்த உதவியை எப்படி ஒழுங்குசெய்வது என்பது ஏதோ பயிற்றுமுறை வல்லுநர்கள் பேசித் தீர்க்கும் சங்கதி இல்லை. அது சாதி ஒழிப்பு இயக்கம் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கை.

ஆங்கிலம் கேட்பது எங்கள் வரலாறு

முதலில் ஒரு தரப்பாருக்குப் பதில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆங்கிலவழி என்றாலே தமிழுக்கு ஆபத்து என்று கூச்சலிடுகிறவர்கள் அவர்கள். தங்கள் பிள்ளைகளை சிபிஎஸ்இ பள்ளியில் விட்டுவிட்டு வந்து, தாய்மொழிக் கல்வியின் மேன்மையைச் சேரிப் பிள்ளைகளுக்குப் போதிப்பார்கள். தமிழ்வழியில் படித்து விஞ்ஞானி ஆனவர்கள் என்று ஒன்றிரண்டு பெயர்களைச் சொல்வார்கள். தமிழ்வழியில் படித்துப் பொறியியல் கல்லூரியின் முதல் ஆண்டிலேயே அரியர் வைத்து ஊர் திரும்பிய பிள்ளைகளின் பெயர்களை யாரும் சொல்வதில்லை.

ஒடுக்கப்பட்டவர்கள் ஆங்கிலத்தைக் கேட்டது நேற்றோ இன்றோ அல்ல. சாவித்திரிபாய் பூலே 1854இல் வெளியிட்ட கவிதைத் தொகுப்பிலேயே ஆங்கிலம் கற்கச் சொல்லிச் சூத்திர, ஆதிசூத்திர மக்களை அழைத்தார். பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பிய அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டது, அவர் பாரசீகம் படித்தார். அதே அம்பேத்கர் ஆங்கிலத்தில்தான் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலை வெளியிட்டார். 1893இல் 'பறையன்' இதழைத் தமிழில் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், 1930இல் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு சென்றார். தன் மக்களோடு பேசத் தமிழ், ஆட்சியாளர்களோடு வாதாட ஆங்கிலம். இரண்டும் வேண்டும் என்பதுதான் நம் முன்னோர் காட்டிய வழி.

ஆங்கிலத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வங்கம் சாட்சி. அங்கே இடது முன்னணி அரசு 1980களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஆங்கிலத்தை நீக்கியது. தாய்மொழியில் படித்தால் ஏழைப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்கமாட்டார்கள் என்பது நோக்கம். நோக்கத்தில் தவறில்லை. ஆனால் வசதியுள்ள மேல்சாதியினர் தங்கள் பிள்ளைகளைத் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு அனுப்பிக்கொண்டார்கள். ஆங்கிலம் இல்லாமல் போனது அரசுப் பள்ளியைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கு மட்டும்தான். பிறகு அரசே ஆங்கிலத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

குழந்தை முதலில் தனக்குத் தெரிந்த மொழியில் படிப்பதே நல்லது என்ற ஆய்வு முடிவை நான் மறுக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் இயன்றவரை தாய்மொழியில் என்றுதான் சொல்கிறது. ஆனால் எது தாய்மொழி? மேற்கு மாவட்டங்களில் அருந்ததியர் குழந்தைகள் பலருக்கு வீட்டுமொழி தெலுங்கு. நரிக்குறவர் குழந்தைகளுக்கு வாக்ரிபோலி. தமிழே வீட்டுமொழியாக உள்ள எங்கள் பிள்ளைகளும் வகுப்பில் வாயைத் திறந்தால், "ஒழுங்காத் தமிழ் பேசு" என்று அதட்டப்படுகிறார்கள். காலனியில் பேசும் தமிழ் கொச்சை, பாடப்புத்தகத் தமிழ்தான் தமிழ் என்றால், அந்தக் குழந்தைக்குத் தமிழ்வழியும் பாதி அந்நிய வழிதான். தாய்மொழிக் கல்வி பேசுகிறவர்கள் முதலில் அந்தத் தாயின் மொழியை வகுப்பறைக்குள் விடட்டும்.

பலகை மட்டும் வந்தது

இப்போது அரசுக்கு வருகிறேன். அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் முன்பே அங்கங்கே இருந்தாலும், 2012-13க்குப் பிறகுதான் அவை தமிழ்நாடு முழுவதும் பரவின. தனியார் பள்ளிகளுக்குப் போகும் கூட்டத்தைத் தடுக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆட்சி மாறியும் அது தொடர்கிறது. சுவரில் 'இங்கு தமிழ்வழி, ஆங்கிலவழிக் கல்வி உண்டு' என்று எழுதினார்கள். ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் வந்தன.

வேறு என்ன வந்தது? நான் பணியாற்றிய மூன்று பள்ளிகளிலும் வேறு எதுவும் வரவில்லை. கூடுதல் ஆசிரியர் பணியிடம் வரவில்லை. பள்ளிப் படிப்பிலிருந்து ஆசிரியர் பயிற்சி வரை தமிழ்வழியிலேயே முடித்த ஓர் இடைநிலை ஆசிரியர் மறுநாள் காலையில் ஆங்கிலவழி ஆசிரியர் ஆனார். அறை போதாத இடங்களில் தமிழ்வழிப் பிள்ளைகளும் ஆங்கிலவழிப் பிள்ளைகளும் ஒரே அறையில் இடமும் வலமுமாக உட்கார்ந்தார்கள். ஒரே ஆசிரியர், ஒரே கரும்பலகை, இரண்டு வகைப் புத்தகம்.

அந்த அறையில் பாடம் எப்படி நடக்கிறது? ஆசிரியர் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து ஒரு வரி வாசிப்பார், தமிழில் பொருள் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். பாடம் முடிந்ததும் வினா விடைகளைப் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்வார். பிள்ளைகள் அந்த வரிகளை மனப்பாடம் செய்வார்கள். அந்தப் பிள்ளை ஒரு நாளில் ஆங்கிலத்தில் தானாக எத்தனை வாக்கியம் சொல்கிறது, எத்தனை வாக்கியம் எழுதுகிறது? ஒன்றுகூட இல்லை. ஆசிரியரை நான் குறைசொல்லவில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டது அவ்வளவுதான்.

இதன் சுமை முழுவதும் யார் தலையில் விழுகிறது? ஊர்த்தெருப் பிள்ளைக்கு மாலையில் டியூஷன் இருக்கிறது. வீட்டில் பட்டம் படித்த அக்காவோ சித்தப்பாவோ இருக்கலாம். காலனிப் பிள்ளைக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிப் பிள்ளைக்கும் பள்ளியை விட்டால் ஆங்கிலம் கிடைக்கும் இடம் எதுவும் இல்லை. ஆகவே பள்ளி செய்யத் தவறுவது எல்லோருக்கும் சமமான நட்டம் அல்ல. சாதி எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும் நட்டம்.

ஒரே புத்தகம் கொடுப்பது சமத்துவம் ஆகுமா?

"எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே வாத்தியார், ஒரே பரீட்சை. இதுல சாதி எங்கய்யா வந்துச்சு?" ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். இதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்துக்கும் நமக்கும் உள்ள உறவு புதிதல்ல. அம்பேத்கர் 1946இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்தே தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், அரசு நிதி பெறும் எந்த நிறுவனமும் இனத்தின், நிறத்தின், பூர்வீக நாட்டின் பேரால் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. அந்தச் சட்டத்தைக் கையிலெடுத்துக்கொண்டு சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துச் சீனக் குடும்பங்கள் வழக்குப் போட்டன. ஆங்கிலம் தெரியாத சுமார் 1,800 சீன வம்சாவளி மாணவர்கள் எந்த மொழி உதவியும் இல்லாமல் ஆங்கில வகுப்புகளில் உட்கார்ந்திருந்தார்கள். அதே கட்டடம், அதே ஆசிரியர், அதே புத்தகம் கொடுத்துவிட்டோம், வேறென்ன வேண்டும் என்று பள்ளி நிர்வாகம் வாதிட்டது. கீழ் நீதிமன்றங்கள் அதை ஏற்றுக்கொண்டன.

1974இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. லாவ் எதிர் நிக்கோல்ஸ் என்று அந்த வழக்குக்குப் பெயர். மொழி புரியாத குழந்தைக்கு, எல்லோருக்கும் கொடுக்கும் அதே புத்தகத்தையும் ஆசிரியரையும் கொடுத்தால் அது சமமாக நடத்துவது ஆகாது, அந்தக் குழந்தைக்குக் கல்வியே மறுக்கப்படுகிறது என்பது தீர்ப்பின் சாரம்.

எப்படிப்பட்ட உதவி என்பதை அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அதற்கு ஓர் அளவுகோலை 1981இல் டெக்சாஸ் மாநிலத்து வழக்கு ஒன்று கொடுத்தது. மெக்சிக வம்சாவளித் தந்தை ஒருவர், திறமை அடிப்படையில் பிரிக்கிறோம் என்ற பேரில் பள்ளி தன் பிள்ளைகளை இனத்தால் பிரிக்கிறது என்று நீதிமன்றம் போனார். நமக்கு இது அறிமுகமான கதைதானே? காஸ்டனேடா எதிர் பிக்கார்ட் என்ற அந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வைத்தது. பள்ளியின் மொழி உதவித் திட்டம் முறையான கல்விக் கோட்பாட்டின் மேல் நிற்கிறதா? அதை நடத்துவதற்கான ஆளும் பொருளும் உண்மையிலேயே கொடுக்கப்பட்டிருக்கின்றனவா? நடத்திய பிறகு பிள்ளைகளின் மொழித்தடை நீங்கியதா என்று சோதித்துப் பார்த்தார்களா?

இந்த மூன்று கேள்விகளையும் எங்கள் ஆங்கிலவழிப் பிரிவுகளிடம் கேட்டுப் பாருங்கள். கோட்பாடு எதுவும் இல்லை. ஆளும் பொருளும் இல்லை. சோதித்துப் பார்த்தவர் யாரும் இல்லை. தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டுவார்கள். உராய்வு பற்றிய விடையை மாற்றி எழுதிய பையனும் நாளை அந்தத் தேர்ச்சி விழுக்காட்டுக்குள் வந்துவிடுவான்.

அமெரிக்காவைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கே வெள்ளையர் பள்ளியும் கறுப்பர் பள்ளியும் இன்னும் வேறுவேறாகத்தான் இருக்கின்றன. மொழி உதவி என்பது பள்ளியின் தயவு அல்ல, குழந்தையின் உரிமை என்பதை அங்கே போராடிச் சட்டமாக்கினார்கள். அதைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். நம் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவும் ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் கணித்து, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதை ஆசிரியரின் கடமை என்று மட்டும் எழுதிவிட்டு, அதற்கான நேரம், பயிற்சி, பணியிடம் பற்றிப் பேசாமல் விட்டுவிட்டார்கள்.

தனி பெஞ்சு என்ற தீண்டாமை

உதவி வேண்டும் என்றதும் நம் பள்ளிகளுக்குத் தோன்றும் முதல் யோசனை பிரித்து உட்காரவைப்பது. மெல்லக் கற்போர் பட்டியல் தயாராகும். இப்போது சில இடங்களில் அதையே 'மெல்ல மலரும் மாணவர்கள்' என்று அழகாகச் சொல்கிறார்கள். பெயர் எதுவானாலும் மாலை நான்கே கால் மணிக்கு மற்ற பிள்ளைகள் வீட்டுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ போகும்போது, அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து மெல்லக் கற்போர் கையேட்டை உரக்கப் படிக்க வேண்டும். அந்த மரத்தடியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். எந்தத் தெருப் பிள்ளைகள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பிரித்துக் கொடுக்கும் உதவி என்ன செய்யும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். விடுதியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கில இலக்கியம் படிக்க ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். முதல் மாதமே அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். ஆங்கிலத்தில் பின்தங்கிய பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான குறைதீர் வகுப்பு என்று தலைப்பிட்டு, பெயர், வகுப்பு, சாதிப்பிரிவு என மூன்று கலம். அதற்கான நிதி நல்ல நோக்கத்தோடு ஒதுக்கப்பட்டதுதான். ஆனால் அந்தப் பலகையில் பெயர் வந்த அன்று மதியமே, அதுவரை என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த இருவர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அந்த வகுப்புக்கு நான் ஒருநாளும் போகவில்லை. பட்டியலில் இருந்த வேறு யாரும் போனதாகவும் எனக்கு நினைவில்லை. பிறகு துறைத்தலைவர் சொன்னாராம்: "கவர்மெண்ட் காசு குடுத்தும் இவங்க படிக்க வரமாட்டாங்க."

நான் ஆங்கிலம் கற்றது அதற்குப் பிறகு, அகராதியை வைத்துக்கொண்டு, விடுதிக் கழிவறைப் பக்கத்து விளக்கு வெளிச்சத்தில். அதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லும்படி இளையவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் மறுத்துவிடுகிறேன். என்னோடு சேர்ந்த விடுதிப் பிள்ளைகள் ஆறுபேரில் நான்குபேர் பட்டம் முடிக்கவில்லை. அவர்கள் என்னைவிட அறிவு குறைந்தவர்கள் இல்லை.

எனவே நம் முன்னால் இரண்டு தீமைகள் இருக்கின்றன. உதவியே கொடுக்காமல் விடுவது ஒன்று. அடையாளம் காட்டிப் பிரித்து உதவி என்ற பேரில் ஒதுக்கிவைப்பது மற்றொன்று. இரண்டும் சாதிக்குத்தான் சேவை செய்கின்றன.

வகுப்பறைக்குள்ளேயே, எல்லோருக்கும்

பிறகு எப்படித்தான் செய்வது? ஒரு அறிவியல் பாடவேளையையே எடுத்துக்கொள்கிறேன். நானும் அறிவியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரு பருவம் செய்துபார்த்ததைத்தான் சொல்கிறேன்.

முதல் பதினைந்து நிமிடம் தமிழ். அதுவும் பிள்ளைகளின் தமிழ். சைக்கிள் செயின், வண்டி அச்சு, வழுக்கும் பாசித் தரை என்று உராய்வைப் பற்றி அவர்களே பேசட்டும். கருத்து பிடிபட்ட பிறகு அன்றைக்குத் தேவையான ஆறேழு ஆங்கிலச் சொற்கள் கரும்பலகையின் ஓரத்தில் வரும், பக்கத்திலேயே தமிழ்ச்சொல்லும். பிறகு வாக்கியச் சட்டகம் இரண்டு. இன்னது இன்னதைக் குறைக்கிறது, ஏனென்றால் இன்னது. இதை ஆங்கிலத்தில் எழுதிப்போட்டு, இடைவெளிகளைப் பிள்ளைகள் தங்கள் எடுத்துக்காட்டால் நிரப்ப வேண்டும். முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் வாயால் சொல்ல வேண்டும், பிறகு நோட்டில் எழுத வேண்டும். 'பிகாஸ்', 'தேர்ஃபோர்', 'வேரியஸ்' போன்ற சின்னச் சொற்களை ஆங்கில வகுப்பில் நான் அதே வாரம் சொல்லிக்கொடுப்பேன். கேள்வித்தாளை வாசிப்பதையும் ஒரு பாடமாக வைத்தோம். காரணம் கேட்கிறார்களா, வகை கேட்கிறார்களா, வேறுபாடு கேட்கிறார்களா என்று கேள்வியின் முதல் சொல்லைப் பார்த்துச் சொல்லப் பழக்கினோம்.

இதில் யாரும் தனியே உட்காரவில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கும் இது பயன்பட்டது. இடையில் ஒரு வாக்கியம் தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம் என்ற தனியார் பள்ளிப் பைத்தியக்காரத்தனம் இதற்கு நேர் எதிரானது. தமிழ் இங்கே ஏணி. ஏணியை உதைத்துவிட்டு மாடிக்கு வா என்று சொல்ல முடியாது.

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்புக்கு வந்தும் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது மட்டும் போதாது. கொஞ்ச காலம் சின்னக் குழுவாக உட்காரவைத்துத்தான் வாசிப்பைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆனால் அது பள்ளி நேரத்துக்குள் இருக்கட்டும், விளையாட்டுப் பாடவேளையைப் பிடுங்காமல் இருக்கட்டும். இத்தனை வாரம் என்று எல்லை இருக்கட்டும். பெயர்ப்பட்டியல் சுவரில் ஒட்டப்படாமல் இருக்கட்டும். அந்தக் குழுவுக்குப் பள்ளியின் நல்ல ஆசிரியர் போகட்டும், அன்றைக்கு வேலையில்லாமல் இருப்பவர் அல்ல.

எத்தனை ஆண்டுகள் என்ற கேள்வியும் உண்டு. கனடாவில் குடியேறிய குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சு மொழி சுமார் இரண்டு ஆண்டுகளில் வந்துவிடும், பாடத்தைப் படித்து எழுதும் மொழியில் மற்றவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்றார். கடைத்தெரு முழுக்க ஆங்கிலம் கேட்கும் நாட்டிலேயே இவ்வளவு காலம். தெருவில் ஆங்கிலமே கேட்காத எங்கள் காலனிப் பிள்ளைக்கு எவ்வளவு ஆகும்? முப்பது நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று விளம்பரம் செய்கிறவர்களையும், ஒரு கோடை முகாம் நடத்திப் படம் எடுத்துப் போடும் அதிகாரிகளையும் இந்தக் கணக்கைக் காட்டித்தான் கேள்வி கேட்க வேண்டும். மொழி உதவி ஒரு நிகழ்ச்சி அல்ல. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை கால அட்டவணையில் இருக்க வேண்டிய வேலை.

காசு எங்கே என்பவர்களுக்கு

நிதி இல்லை என்பார்கள். பட்டியலின, பழங்குடியினர் மேம்பாட்டுக்கு ஒதுக்கும் நிதியை அதற்கே செலவிட வேண்டும் என்று 2024இல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல விடுதிக்கும் மாலை நேரத்தில் ஒரு மொழி ஆசிரியரை நியமிப்பதைவிட நல்ல செலவு எது? மாணவர் தூங்கும் கூடமே படிக்கும் கூடமாக இருக்கும் விடுதிகளில், இரண்டு அலமாரி ஆங்கிலக் கதைப்புத்தகமும் வாசித்துக்காட்ட ஓர் ஆளும் கேட்பது பேராசையா?

புத்தகம் செய்ய முடியாது என்பார்கள். பக்கத்து ஆந்திரம் செய்திருக்கிறது. அங்கே அரசுப் பள்ளிகளை ஆங்கிலவழிக்கு மாற்றிய 2019ஆம் ஆண்டு அரசாணையை உயர்நீதிமன்றம் அடுத்த ஆண்டே ரத்து செய்தது. கட்டாயமாக ஒரே வழி என்பதில் எனக்கும் உடன்பாடில்லை. ஆனால் அந்த முயற்சியில் ஒரு நல்ல பொருள் வந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், எதிர்ப்பக்கத்தில் அதே பாடம் தெலுங்கில் என்று இருமொழிப் புத்தகம் அச்சிட்டார்கள். நம் பாடநூல் கழகம் ஒரே பாடத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாக ஏற்கெனவே அச்சிடுகிறது. இரண்டையும் எதிரெதிர்ப் பக்கங்களில் சேர்த்துத் தைப்பதற்கு எந்த வல்லுநர் குழுவும் தேவையில்லை.

தன்னார்வலர்களை வைத்துச் செய்யலாம் என்பார்கள். 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு ஊர்ப் பெண்கள் உழைத்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் வசதியுள்ளவன் பிள்ளைக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர், எங்கள் பிள்ளைக்கு ஆயிரம் ரூபாய்த் தன்னார்வலர் என்றால் அதன் பெயர் சமூகநீதி அல்ல.

கேட்க வேண்டிய இடம்

நம் இயக்கங்கள் இடஒதுக்கீட்டுக்காகத் தெருவில் இறங்கியிருக்கின்றன, உதவித்தொகைக்காக இறங்கியிருக்கின்றன. இடம் கிடைத்துப் போன பிள்ளை மொழியால் அங்கிருந்து துரத்தப்படுவதை மட்டும் அந்தப் பிள்ளையின் தனிப்பட்ட தோல்வியாக விட்டுவிட்டோம். விடவே கூடாது.

தொடங்குவதற்கான இடம் பக்கத்திலேயே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. பல ஊர்களில் அந்தக் கூட்டம் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது. இனி நம் தோழர்கள் அந்தத் தாய்மார்களோடு உட்கார்ந்து, அடுத்த கூட்டத்தில் எழுத்தில் கேட்க இந்தக் கேள்விகளைத் தயார் செய்யட்டும்: ஆங்கிலவழிப் பிரிவுக்கு எத்தனை ஆசிரியர் பணியிடம்? அவர்களுக்கு என்ன பயிற்சி? கால அட்டவணையில் மொழி உதவிக்கு எத்தனை பாடவேளை? இருமொழிப் புத்தகம் எப்போது வரும்? ஆண்டு முடிவில், மனப்பாடம் செய்யாத ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்லக்கூடிய பிள்ளைகள் எத்தனை பேர்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்கட்டும்.

இந்த ஜூனிலும் அந்தத் தாய்மார்கள் வருவார்கள். நானும் படிவத்தில் ஆங்கிலவழி என்றுதான் எழுதுவேன். ஆனால் இந்த முறை அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போகும்முன், "என் புள்ளைக்கு இங்கிலீஷ் புரியிற மாதிரி சொல்லிக்குடுக்க இங்க யார் இருக்கா சார்?" என்று என்னைக் கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாமல் நான் தலைகுனிந்து நின்றாலும் பரவாயில்லை. தலைமை ஆசிரியரை, வட்டாரக் கல்வி அலுவலரை, அமைச்சரை என்று அந்தக் கேள்வி மேலே போக வேண்டும்.